வாசலில் தொங்கிய எட்டெழுத்து

என் வயதொத்த கூட்டாளிமாரே, போன கிழமை கலியாண வீட்டில் நீங்கள் கதைத்ததை எல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வட்டிலப்பம் தின்ற வாயைத் துடைக்கக்கூட இல்லை, அதற்குள் ஆசுபத்திரியில் புதிதாகத் திறந்த அறையைப் பற்றித் தொடங்கிவிட்டீர்கள். "அந்த அறைக்கு அனுப்பினா முடிஞ்சுதென்டு கருத்து" என்றாள் ஒருத்தி. "இனி மருந்து இல்லாதவங்களைக் கொண்டுபோய் உட்கார வைக்கிற இடமாம்" என்றாள் இன்னொருத்தி. பக்கத்தில் யார் இருக்கிறாள் என்று பார்த்துக் கதைத்தீர்களா? என் மச்சி இருந்தாள். என் புருஷனின் தங்கை. எலும்புக்குள் நோய் வந்து முதுகு நிமிர்த்த முடியாமல் இருக்கிறவள். அந்த அறைக்குப் போகச் சொல்லி டொக்டர் கொடுத்த கடுதாசித் துண்டைச் சட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, மூன்று திங்கட்கிழமை போகாமல் கடத்தியவள். உங்கள் கதையைக் கேட்டுவிட்டு வட்டிலப்பத்தைத் தொடாமலே எழுந்து போய்விட்டாள். வட்டிலப்பத்தைத் தொடாத மச்சியை நான் என் ஆயுசில் அன்றுதான் கண்டேன்.

அடுத்த நாள் காலையில் நான் பஸ் ஏறிப் போய் அந்த அறையைப் பார்த்தேன். பச்சை நிறக் கதவு. வெளியே சனம் உட்கார ஒரு நீள வாங்கு. கதவுக்கு மேலே மூன்று பாஷையிலும் ஒரு போர்டு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், உங்களுக்குத் தெரியும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், சிங்களம் வாயில் வரும், கண்ணில் வராது. ஆனால் அந்த இங்கிலீசு வரியின் முதல் சொல்லை நான் ஒரே பார்வையில் வாசித்துவிட்டேன். வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அங்கே நின்ற இளம் தாதி மிஸ்ஸி திரும்பிப் பார்த்தாள்.

"உம்மாவுக்கு இங்கிலீசு வாசிக்க ஏலுமா?"

"இந்த ஒரு சொல்லு மட்டும் ஏலும் மகள். ஏழெழுத்து வரைக்கும் நான் எழுதினதுதான். கடைசியில நீங்க கொஞ்சம் நீட்டி வச்சிருக்கீங்க."

அவள் சிரித்தாள். நம்பவில்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள். அதனால்தான் நான் சொல்லச் சொல்ல எழுத வைக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் தென்னையும் மணலும் எங்கள் ஊர். கச்சான் காற்று ஓய்ந்து கடல் படிந்துவிட்டால் சிலாபத்துப் பக்கத்துச் சனம் வள்ளங்களோடும் வலைகளோடும் சட்டி பானைகளோடும் வந்து கடற்கரையில் வாடி போடுவார்கள். கிடுகுக் குடிசைகள் வரிசையாக எழும்பும். ஆறு மாதம் எங்கள் கரை திருவிழாக் கடைபோல இருக்கும். கச்சான் திரும்ப எழும்பினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த ஆறு மாதமும் கடற்கரைக்கு ராணி யாரென்றால் என் மாமி. வாப்பாவின் மூத்த சகோதரி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, எங்கள் வீட்டிலேதான் இருந்தாள். கருவாடு காயப்போடும் பரண்களுக்கு அவள்தான் பொறுப்பு. பரணுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, ஒரு தடியால் காகத்தையும் நாக்கால் மனுஷரையும் விரட்டுவாள். அவள் சிரித்தால் களப்புப் பக்கம் நிற்கிற கழுதைகள் காதைத் தூக்கும். பொய்யில்லை, நான் கண்டிருக்கிறேன்.

அந்த வருஷம் கச்சான் காலத்தில் மாமியின் வயிற்றில் கட்டி வந்தது. பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுவந்தார்கள். பிறகு ஒரு நாள் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மாமியைப் படுக்கவைத்து, எங்கள் ஊர் டிஸ்பென்சரிக்குப் போனோம். மாமியின் கையைப் பிடித்திருப்பது என் வேலை.

டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்த சிங்களவரை நாங்கள் மாத்தையா என்போம். மெலிந்த மனுஷர். கொஞ்சம் தமிழ் கதைப்பார், தேடித் தேடி. பெரிய ஆசுபத்திரிக் கடுதாசியை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து, தலைப்பில் பெரிய பெரிய எழுத்தில் ஒரு சொல்லை எழுதி, அடியில் கோடு இழுத்தார்.

வாப்பா எட்டிப் பார்த்தார். "இதென்ன மருந்து மாத்தையா? புத்தளத்தில எடுக்கலாமா?"

"மருந்து இல்ல. இது வேலை. என்ட வேலை, உங்கட வேலை." அந்தச் சொல்லை வாயால் சொன்னார்: "பேலியேட். கருத்து என்னென்டா... சுகமாக்க ஏலாது. லேசாக்க ஏலும். வலியை லேசாக்குறது, மூச்சை லேசாக்குறது..." அதற்கு மேல் தமிழ் அகப்படாமல் கையை விரித்தார்.

வாங்கில் சாய்ந்திருந்த மாமி கண்ணைத் திறந்தாள். "அப்ப மாத்தையா, உப்பு மூட்டை தலையை விட்டு இறங்காது. ஆனா அடியில ஒரு சும்மாடு வைக்கலாம். அதானே?"

உப்பளத்தில் மூட்டை சுமக்கிறவர்கள் தலைக்கும் மூட்டைக்கும் இடையில் துணியைச் சுருட்டி வைப்பார்களே, அந்தச் சும்மாடு. மாத்தையா மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "அதே! அதேதான்!" என்று இன்னொரு தரம் தட்டினார்.

ஒரு போத்தலில் கறுப்பாக மருந்து கொடுத்தார். காலையில், பகலில், அந்தியில், படுக்கப் போகும்போது, ஒவ்வொரு கரண்டி. தலைமாட்டை உயர்த்தச் சொன்னார். விரும்பினதைத் தின்னக் கொடுக்கச் சொன்னார். தூங்க விடச் சொன்னார்.

வண்டியில் திரும்பி வரும்போது வாப்பாவின் காதில் 'சுகமாக்க ஏலாது' மட்டும்தான் நின்றது என்று இப்போது விளங்குகிறது. மற்ற எல்லாவற்றையும் அவர் வழியிலே சிந்திவிட்டார். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னதும் அந்தப் பாதியைத்தான். மாமியின் காதில் மற்றப் பாதி நின்றது. துண்டை என் கையில் தந்து, "இதைத் துலைக்காம வை புள்ள" என்றாள். நான் அதை என் குர்ஆன் பள்ளிக் கிதாபுக்குள் வைத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆட்சி மாறியது. உம்மாவும் உம்மாவின் மூத்த சகோதரியான பெரியும்மாவும் சேர்ந்து நோயாளிக்கு என்னென்ன செய்யலாம் என்று கூடிக் கதைத்தார்கள். காற்றுப் படக்கூடாது என்று சன்னலைப் பூட்டினார்கள். மீன் இல்லை, இறால் இல்லை, புளி இல்லை, கஞ்சி மட்டும். கறுப்பு மருந்தை உம்மா அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "பெரிய வலி வாற நேரத்துக்கு ஈக்கட்டும். இப்பவே குடுத்து முடிச்சா பொறகு என்ன செய்யிறது?" என்றாள். உம்மா கெட்டவள் இல்லை. சீனியையும் அப்படித்தான் பெருநாளைக்கென்று பூட்டிவைப்பாள். நல்ல பொருள் என்றால் பூட்டிவைக்கத்தான் அவளுக்குத் தெரியும்.

பிறகு சனம். நோயாளியைப் போய்ப் பார்ப்பது எங்களில் பெரிய நன்மை. அதை யாரும் மறுக்க ஏலாது. ஆனால் அந்த நன்மையை எங்கள் ஊர் முழுக்க ஒரே வீட்டில் தேடினால் என்ன நடக்கும்? சுபஹுத் தொழுகை முடிந்ததும் தொடங்குவார்கள். பெண்கள் கூட்டமாக உள்ளே வந்து கட்டிலைச் சுற்றிப் பாயில் உட்காருவார்கள். பெரியும்மா தலைமாட்டில் இருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் நோயின் கதையை முதலிலிருந்து சொல்லுவாள். ஒவ்வொரு தரமும் கட்டி கொஞ்சம் வளரும். முதல் நாள் எலுமிச்சங்காய், வெள்ளிக்கிழமைக்குள் தேங்காய்.

"எப்படி மாமி ஈக்குது?" என்று குனிந்து கேட்பார்கள்.

"நேத்து நீ கேட்ட மாதிரியேதான் ஈக்குது" என்பாள் மாமி.

"எங்கட சாச்சிக்கும் இதேதான். மூணு மாசம்தான் இருந்தா. முந்தாநாள்தான் கத்தம் ஓதினோம்."

"நல்லா ஓதினீங்களா? நெய்ச்சோறா, பிரியாணியா?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மாமி வாயால் இப்படிச் சிரிக்கப் பண்ணினாலும் கண் குழி விழுந்துவிட்டது. பகலில் சனம், அடைத்த அறையில் சூடு, வலி. கண்ணை மூடினால் யாராவது, "தூங்குறீங்களா?" என்று எழுப்பிக் கேட்பார்கள். நான் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே இருப்பேன். கை மாற்றி மாற்றி விசிறுவேன்.

ஒரு பகல், இரண்டு கூட்டத்துக்கு இடையில், மாமி என் விசிறியைப் பிடித்து நிறுத்தினாள்.

"புள்ள, இந்தக் கட்டி என்னைக் கொல்லாது. அதுக்கு முந்தி இந்த நன்மை கொல்லும்."

எனக்கு அழுகை வந்தது.

"அழாத. எனக்கு ரெண்டு விஷயம்தான் வேணும். ஒண்டு, ஆள் இல்லாத தூக்கம். மத்தது, வாடிச்சனம் வந்து இறங்குறத்தை ஒருக்காக் கண்ணால பாக்கணும். கண்ணு இப்படிக் கிறங்கிக் கெடந்தா அதையும் பாக்காம பொய்த்திருவேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "மாத்தையாட துண்டு எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். மாமிக்கு எந்த எழுத்தும் தெரியாது.

"இதைப் பெரிசா எழுது. வாசல்ல தொங்கவிடு."

"என்னத்துக்கு மாமி?"

"நம்மட ஊர்ல தமிழ்ல சொன்னா எதிர்த்துக் கதைப்பாங்க. இங்கிலீசில தொங்கினா ஒருத்தரும் கதைக்கமாட்டாங்க."

கூட்டாளிமாரே, அந்த வேலையை நான் எவ்வளவு பெருமையாகச் செய்தேன் என்று சொல்லி முடியாது. தேயிலைப் பெட்டி மூடி ஒன்று கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. கழுவிக் காயவைத்தேன். வள்ளத்துக்குப் பூசிய தாரில் மிச்சம் ஒரு சிரட்டையில் இருந்தது. வெயிலில் வைத்து இளக்கி, ஈர்க்கால் எழுதினேன். எழுதினேன் என்பதைவிட வரைந்தேன் என்பதே சரி. எனக்கு அவை எழுத்துகள் இல்லை, சாமான்கள். முதலில் வயிறு வைத்த ஒரு அகப்பை. பிறகு கால் விரித்து நட்ட கூடாரம். அதன் பிறகு, முதுகை நிமிர்த்திக் காலை நீட்டி உட்கார்ந்த இரண்டு பேர், ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவர். பிறகு ஒரு கம்பு, திரும்பவும் கூடாரம், ஒரு பாய்மரம், கடைசியில் மூன்று பல் மட்டும் மிஞ்சிய சீப்பு. எட்டு. மூடியில் கயிறு கோத்து மாமியின் அறை வாசலில் தொங்கவிட்டேன். கட்டிலிலிருந்து மாமி பார்த்தாள். அவளுக்குப் பின்பக்கம்தான் தெரிந்தது. "அழகா ஈக்குது" என்றாள்.

முதலில் வந்தது பெரியும்மா. வாசலில் நின்றுவிட்டாள்.

"என்னடி இது?"

"இங்கிலீசு பெரியும்மா."

"அது தெரியுது. என்னத்தைச் சொல்லுது?"

உள்ளேயிருந்து மாமி: "மாத்தையா எழுதின சொல்லு. அதை நீங்கதான் கடைப்பிடிக்கணுமாம்."

அதில் ஒரு பொய்யும் இல்லை, கவனியுங்கள். பெரியும்மா செருப்பைக் கழற்றினாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டாள். உள்ளே வந்து ஒரு நிமிஷம் நின்றாள். மெதுவாக துஆ கேட்டாள். போய்விட்டாள். மாமி என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தாள்.

அந்தியாவதற்குள் ஊரெல்லாம் போர்டுக் கதை. ஒருவருக்கும் கருத்துத் தெரியாது, அதனால் எல்லோரிடமும் ஒரு கருத்து இருந்தது. காலைக் கழுவிவிட்டு வர வேண்டும் என்பதுதான் அது என்றாள் ஒருத்தி. ஒரு நேரத்தில் ஒரு ஆள் என்றாள் மற்றவள். கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்து வந்த ஒருவர், கண்ணாடிச் சாமான் பெட்டிகளில் இதைக் கண்டிருக்கிறேன், 'மெதுவாகத் தூக்கு' என்று அர்த்தம் என்று அடித்துச் சொன்னார். பாவம், மற்ற எல்லோரையும்விட அவர்தான் கிட்டவந்தார். சனம் வருவது நிற்கவில்லை. ஆனால் காலைக் கழுவிக்கொண்டு, ஒவ்வொருவராக, குரலை இறக்கி, நின்றபடியே வந்துபோனார்கள். பகல் லுஹர் தொழுகைக்கும் பின்னேர அஸருக்கும் இடையில் ஒருவரும் வரவில்லை. அன்று மாமி தூங்கினாள். வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கினாள். நான் விசிறாமல் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமைதான் கடல் படிந்தது. வாடிச்சனம் வந்து இறங்கினார்கள். மாமியின் கூட்டாளி ஒருத்தி அதில் இருந்தாள், சிலாபத்துக்காரி என்போம். வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியின் பெண்சாதி. கழுத்தில் சிலுவை, இடுப்பில் வெற்றிலைப் பை, ஒரு பாஷையில் தொடங்கி மற்றதில் முடிக்கிற கதை. மாமியும் அவளும் ஒவ்வொரு வருஷமும் பரணுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டையைக் கேட்கத்தான் பாதிப்பேர் கருவாடு வாங்க வருவார்கள்.

கரையில் மாமியைக் காணாமல் நேராக வீட்டுக்கு வந்தாள். போர்டைக் கண்டாள். மற்றவர்களைப் போல மரியாதை வைக்கவில்லை. "புள்ள, இது என்ன சொல்லுது?" என்று என்னையே கேட்டாள். அத்தனை பேரில் என்னிடம் கேட்டது அவள் ஒருத்திதான்.

"லேசாக்கு என்டு சொல்லுது."

"லேசாக்கு?" உள்ளே எட்டிப் பார்த்தாள். பூட்டிய சன்னல். சூடு. தட்டையாகப் படுத்து மூச்சு முட்டுகிற மாமி. "அனே, வாசல்ல எழுதிவச்சிட்டு உள்ள ஒண்டும் செய்யல்லியே!"

போய்ச் சன்னலைத் தள்ளித் திறந்தாள். களப்புக் காற்று உப்பு மணத்தோடு உள்ளே வந்தது. ஒரு சாக்குக்குள் பழைய வலையைத் திணித்து, மாமியின் முதுகுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்தாள். மாமி நிமிர்ந்து உட்கார்ந்து நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள்.

"மெலிஞ்சு போனீங்க அக்கே. இனி உங்களோட சண்டை பிடிச்சா எனக்குத்தான் பாவம்."

"நீ கொழுத்துப் போய்த்தானே ஈக்கிறாய். என்ட பங்கையும் நீதான் திண்டிருக்கிறாய்."

"கஞ்சியைத் தாறாங்களாமே?"

"அல்லாஹ் சாட்சி, சுவருக்குப் பூசலாம்."

அடுத்த நாள் காலையில் சிலாபத்துக்காரி நான்கு வலைக்காரர்களோடு வந்தாள். எங்கள் வீட்டுக் கைக்கதிரையின் இரண்டு பக்கமும் துடுப்புக் கம்புகளைக் கட்டினார்கள். மாமியைத் தூக்கி உட்காரவைத்தார்கள். வாப்பா தென்னந்தோட்டத்துக்குப் போயிருந்தார். உம்மா வாசலில் கையை விரித்து நின்று, "மைனி, காத்துப்பட்டா என்னவாகும்!" என்று அழுதாள்.

"என்னவாகும் புள்ள? நோய் வந்திருமா?" என்றாள் மாமி.

அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். வலை இழுக்கிறவர்களுக்குச் சும்மா நடக்கத் தெரியாது. அம்பாப் பாட்டுப் பாடிக்கொண்டுதான் கால் வைத்தார்கள். நான் விசிறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். கழுதைகள் வழிவிட்டன. மணலில் கருவாட்டுப் பரணுக்குப் பக்கத்தில் கதிரையை இறக்கி, ஒரு பழைய பாயை நிழலுக்குக் கட்டினார்கள். சிலாபத்துக்காரி அப்போது பிடித்த மீனில் புளியாணம் வைத்தாள். மாமி மூன்று மிடறு குடித்தாள். மூன்றே மூன்று. அதற்குக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பரணைப் பார்த்து, "யாருடி இப்படிக் காயப்போட்டது? மீன் என்ன கூட்டத்துக்கா வந்திருக்கு, இப்படி நெருக்கி ஈக்கிறதுக்கு?" என்றாள். கரை முழுக்கச் சிரித்தது.

நான் தெம்பிலி இளநீர் எடுக்க வீட்டுக்கு ஓடிவந்தேன். வந்தவள் வேலியோடு நின்றுவிட்டேன். மாத்தையாவின் சைக்கிள் முற்றத்தில் நின்றது.

மாதத்துக்கு ஒரு நாள் அவர் நோயாளிகளை வீட்டில் பார்க்க எங்கள் பக்கம் வருவார், எனக்கு அது மறந்தே போயிருந்தது. பெரியும்மா அவருக்கு முன்னால் நின்று முறையிட்டுக்கொண்டிருந்தாள். "நாங்க உங்கட போர்டுக்கு எவ்வளவு மரியாதை வச்சோம் மாத்தையா! காலைக் கழுவித்தான் உள்ள போறோம். இவங்க என்னடா என்டா நோயாளியைக் கடக்கரைக்குத் தூக்கிட்டுப் பொய்த்தாங்க!"

"என்ட போர்டா?" என்றார் மாத்தையா.

அறை வாசலுக்குப் போனார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். போர்டு போனால் திரும்பவும் கூட்டம், திரும்பவும் கதை, மாமிக்குத் தூக்கம் இல்லை. எனக்கு அடி விழுவது வேறு. அவர் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். தார் வழிந்து காய்ந்த இடத்தை விரலால் தொட்டார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றே நினைத்தேன். சிரிக்கிறார்!

"யார் எழுதின?"

பெரியும்மா திரும்பி என்னைப் பார்த்தாள். உம்மாவும் பார்த்தாள். நான் தெம்பிலி மாதிரி நின்றேன்.

"சரியா எழுதியிருக்கு. ஒரு எழுத்தும் பிழை இல்ல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றுவரைக்கும் தலை நிமிர்ந்து நடக்கிறேன். பிறகு கேட்டார்: "மருந்து எங்க?"

உம்மா இடுப்புத் திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தாள். போத்தலைப் பெருமையாகத்தான் எடுத்துக் கொடுத்தாள், ஒரு துளி சிந்தாமல் வைத்திருக்கிறேன் என்று. மாத்தையா போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார். கழுத்தளவு நிரம்பி இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏன் இது குறையல்ல?"

"பெரிய வலி வரட்டும் என்டு வச்சிருக்கேன் மாத்தையா."

"வலி வர முந்திக் குடுக்கணும் நோனா. வந்த பொறகு அதுக்குப் பின்னால ஓடினா பிடிக்க ஏலாது." பிறகு குரலைத் தணித்தார். "இவ்வளவு நாளும் அவங்க சும்மா தாங்கியிருக்காங்க."

உம்மா சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. உம்மாவைத் தப்பாக நினைக்காதீர்கள். தப்பு என்று விளங்கிய அந்த நிமிஷமே அவள் எழும்பிவிட்டாள். கரண்டியைக் கழுவினாள், போத்தலை நெஞ்சோடு அணைத்தாள், செருப்புக்கூடப் போடாமல் சுடுமணலில் கடற்கரைக்கு ஓடினாள். மாத்தையா சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு பின்னால். தெம்பிலியோடு நான். "நில்லுங்கடி, நானும் வாறேன்!" என்று பெரியும்மா.

மாமி எங்களைக் கண்டு, "என்ன, கூட்டம் இங்கயும் வந்திட்டா? போர்டைக் கொண்டு வா புள்ள!" என்றாள்.

உம்மா மணலில் முழங்கால் போட்டு, கரண்டியில் மருந்தை ஊற்றி, மாமியின் வாயில் வைத்தாள். "மைனி, என்னை மன்னிச்சுக்கோங்க." மாமி கசப்பை விழுங்கி முகத்தைச் சுளித்தாள். "கஞ்சியை விட நல்லா ஈக்குது" என்றாள். உம்மா அழுதுகொண்டே சிரித்தாள். மாத்தையா சிலாபத்துக்காரியின் புளியாணத்தில் ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு, "இதையும் துண்டில எழுதணும்" என்றார்.

அதன்பிறகு உம்மாவின் அலுமாரித் திறப்பு அலுமாரியிலேயே தொங்கியது. மருந்து கரண்டி தவறாமல் போனது. போர்டும் தொங்கியது. வாப்பாவே சன்னல் கதவு இரண்டையும் கழற்றி எடுத்துவிட்டார். காற்று நல்ல நாளில் கதிரை கடற்கரைக்குப் போகும். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் மாமி அதைத் தலையில் வைத்துக்கொண்டே கதைத்தாள், திட்டினாள், சண்டை பிடித்தாள், வாடிப் பெண் ஒருத்திக்குக் கலியாணம்கூடப் பேசி முடித்தாள். வாப்பா ஒவ்வொரு அந்தியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளையில் இரண்டு பேரும் களப்பில் நண்டு பிடித்த கதையைக் கேட்பார். "ராத்தா, அந்த நண்டு என்ட விரலைத்தானே கடிச்சது?" "உன்ட விரலை நான் கடிச்சேன். நண்டு மேல பழியைப் போட்டேன்." அறுபது வயதுக்குக் கிட்ட வந்த என் வாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் அப்போதுதான் முதல்முதலாகக் கண்டேன்.

வாடிச்சனம் குடிசை பிரிக்கத் தொடங்கிய மாதத்தில், ஒரு பகல், திறந்த சன்னலுக்குப் பக்கத்தில், சாக்கு முட்டில் சாய்ந்தபடி மாமி கண்ணை மூடி மவுத்தானாள். முகம் தூங்குகிற முகமாகவே இருந்தது. காலையில்தான் பெரியும்மாவிடம், கட்டி இப்போது பூசணிக்காயாகிவிட்டதா என்று கேட்டிருந்தாள். சிலாபத்துக்காரி பிரித்த கிடுகுகளைத் திரும்பவும் கட்டிவிட்டு, ஏழு நாள் கூடுதலாக இருந்து போனாள்.

அந்த மூடி எங்கே என்று கேட்பீர்கள். உம்மா அதைக் கழற்றி அலுமாரிக்கு மேலே வைத்திருந்தாள், வெகுகாலம். ஊரை விட்டு விரட்டப்பட்ட மன்னார்ச் சனம் உடுத்த துணியோடு வந்து இறங்கினார்களே, அந்த நேரம் எங்கள் வளவிலும் ஒரு குடும்பத்துக்குக் குடிசை போட்டோம். கதவுக்குப் பலகை போதவில்லை. உம்மா யோசிக்கவே இல்லை, மூடியை எடுத்துக் கொடுத்தாள். எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி அறையச் சொன்னாள். "வெளியில நிக்கிறவங்களுக்கு இல்ல, உள்ள ஈக்கிறவங்களுக்குத்தான் இது" என்றாள். குடிசை போய்க் கல்வீடு வந்தபோது கதவும் போய்விட்டது. தேடினேன், கிடைக்கவில்லை. எனக்குக் கவலையும் இல்லை. நல்ல இடத்தில் தேய்ந்திருக்கிறது.

இதையெல்லாம் நேற்று மச்சியிடம் போய்ச் சொன்னேன். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சொன்னேன். அவள் முடிவு வரைக்கும் கேட்டுவிட்டு, "அப்ப உங்கட மாமி மவுத்தாத்தானே போனா?" என்றாள்.

"ஓம், மவுத்தாத்தான் போனா. நானும் போவேன், நீயும் போவாய். அதுவரைக்கும் தூங்காம ஈக்கணும் என்டு யாரு சொன்ன?"

அவள் சட்டைக்குள் கையை விட்டு, வியர்வையில் நனைந்து நாலாக மடித்த துண்டை எடுத்துத் தந்தாள். "போய்ட்டு வரக்குள்ள வட்டிலப்பம் வாங்கித் தரணும்" என்றாள்.

வருகிற திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போகிறோம். நீங்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால், பச்சைக் கதவுக்கு வெளியே நீள வாங்கில் எங்களைப் பார்க்கலாம். மச்சிக்குக் காலை மடிக்க ஏலாது. எனக்கும் முழங்கால் மடியாது. முதுகைச் சுவரில் நிமிர்த்தி, காலை நீட்டி, ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவராக இருப்போம். தலைக்கு மேலே போர்டைப் பாருங்கள். மூன்றாவது எழுத்தும் நான்காவது எழுத்தும் நாங்கள்தான்.